இருபத்தாறு வயது பிக்கப்பைப் பஞ்சு மெத்தையாக்கப் போனது பற்றி மச்சானுக்கு

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் பணிவோடு எழுதுவது. உங்களுக்கும் உங்கள் வீட்டு அக்காவுக்கும் என் வணக்கம். அக்காவின் முழங்கால் இப்போது மாடிப்படி ஏறுகிறதா, இல்லை இன்னும் கீழ் அறையிலேயேதான் படுக்கையா என்று தெரிந்துகொள்ள விருப்பம். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். நாற்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவருக்கு அடித்தல் திருத்தலோடு கடிதம் அனுப்புவது மரியாதை இல்லைதான். ஆனால் வேறு தாள் எடுத்தால் இதை எழுதும் தைரியம் எனக்கு மறுபடி வராது. பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் தங்கையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக, உங்களுடைய உயரமான காரை எடுத்துக்கொண்டு நீங்கள் வர வேண்டும். என் பிக்கப் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் இரண்டு மாதமாக நான் விழுங்கி வைத்திருக்கும் ஒன்றை முதலில் கக்க வேண்டும்.

போன கடிதத்தில், அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டாள் என்று எழுதியிருந்தேன். அது பொய். சோப்பு தரையில் கிடந்தது என்று எழுதியதும் பொய். அதை நம்பி நீங்கள் வழுக்காத ரப்பர் விரிப்பு இரண்டு வாங்கி அனுப்பினீர்கள். தினமும் காலையில் அதன் மேல் நின்றுதான் குளிக்கிறேன். கால் வழுக்கவில்லை, மனசுதான் கிடந்து அடித்துக்கொள்கிறது.

நடந்தது இது. ஒரு வீட்டு அலமாரிக்கு ஆள் உயரக் கண்ணாடி ஒன்று கொண்டுபோய் மாட்ட வேண்டியிருந்தது. பின்னால் நிறுத்திக் கட்டியிருந்த கண்ணாடி ஆடுகிறதா என்று பார்த்துச் சொல்ல உங்கள் தங்கையை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தைத் தாண்டும் இடத்தில் புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். முதல் நாள் அது அங்கே இல்லை. வண்டி எகிறி இறங்கியது. அவள் தலை கூரையில் இடித்து, உட்கார்ந்த வாக்கில் பொத்தென்று விழுந்தாள். அப்போது நான் கேட்ட முதல் கேள்வி, "கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்பது. அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, "கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகலை" என்றாள். அதற்குப் பிறகு வீடு வரும்வரை பின்னால் திரும்பிக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான்காம் நாள் காலையில் அவளால் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. அப்புறம் நடந்த ஸ்கேன், ஆபரேஷன் எல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளைத் தட்டி, "மாப்பிள்ளை, நீங்க என்ன பண்ணுவீங்க பாவம், சோப்பு யார்கிட்ட சொல்லிட்டு கீழ விழுது" என்றபோது அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. குளியலறை என்று நான் சொன்னபோது ஒரு வார்த்தை மறுக்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தப் பெருந்தன்மைதான் மச்சான் என்னை அரித்துத் தின்கிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். ஆறாவது வாரம் வந்து காட்ட வேண்டும், வழியில் குலுங்கக் கூடாது. தாழ்வான சீட்டில் குனிந்து ஏறவும் கூடாது, இடுப்பு உயரத்துக்குச் சீட்டு இருந்தால் பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொள்ளலாம். வாடகைக் கார் எல்லாம் தரையோடு தரையாக ஊர்கிறது. இன்ச் டேப் வைத்து அளந்து பார்த்தேன். உங்கள் தங்கையின் இடுப்பு உயரமும் என் பிக்கப்பின் சீட்டு உயரமும் ஒரு நூல் பிசகாமல் ஒன்று. கடவுளே கை காட்டியது போல இருந்தது. குலுக்கலை மட்டும் எடுத்துவிட்டால் போதும், செய்த பாவத்துக்கு அதே வண்டியிலேயே பரிகாரம் தேடிவிடலாம் என்று இறங்கினேன். இறங்கினவன்தான், இன்னும் ஏறவில்லை.

எதையும் அளக்காமல் செய்வது, கண்ணாடி வெட்டி மாட்டும் என் தொழிலில் கிடையாது. வெட்டி மீந்த கண்ணாடித் துண்டுகளை ஒட்டி ஒரு சின்னத் தொட்டி செய்து, மில்லிமீட்டர் கோடு போட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அவள் உட்கார வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் வரை போய் வந்தேன். போக வர பதினான்கு வேகத்தடை. முதல் நாள் திரும்பி வந்தபோது மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மிச்சம். மீதி என் கால்சட்டையில். இறங்கி வீட்டுக்குள் போவதை எதிர் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இதெல்லாம் சகஜம் சார், வெக்கப்படாம மருந்து எடுத்துக்குங்க" என்றார்.

முதலில் டயரில் காற்றைக் குறைத்தேன். பாதித் தண்ணீர் நின்றது. கொஞ்சம் குறைத்தால் பாதி என்றால் நிறையக் குறைத்தால் முழுசும் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு உங்கள் பாடம், நான் தொட்டிருக்கக் கூடாது. ஸ்டியரிங்கைத் திருப்புவது ஈரச் சிமெண்ட் கிளறுவது போல ஆகி, பேருந்து நிறுத்தத்துத் திருப்பத்தில் முன் டயர் வளையத்தை விட்டுக் கழன்றுகொண்டது. பேருந்துக்காக நின்றிருந்த இருபது பேரும் வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பேருந்து வந்ததும் இருபது பேரும் அதில் ஏறிப் போய்விட்டார்கள்.

பிறகு மெக்கானிக்கிடம் போனேன். அவருக்கு எங்கள் பக்கத்தில் 'அதுக்கென்ன' என்று பெயர். எஞ்சின் இரண்டாகப் பிளந்து கிடந்தாலும் "அதுக்கென்ன, பண்ணிடலாம்" என்பார். அவர் வண்டியின் பின்பக்கத்தைக் காலால் ஓர் அமுக்கு அமுக்கிவிட்டு, "இது பாரம் சுமக்கப் பொறந்த வண்டி சார். வெறுமனே போனா குதிக்கத்தான் செய்யும். முதுகுல நாலு மூட்டையைப் போடுங்க, அடங்கிடும்" என்றார். எட்டு மூட்டை மணல் ஏற்றினேன். என்ன அருமையாக அடங்கியது தெரியுமா. முக்கால் தொட்டித் தண்ணீர் நின்றது. ஆனால் வண்டியும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பிரேக்கை மிதித்தபோது, குறுக்குக் கம்பத்தை நெஞ்சால் தள்ளிக்கொண்டு போய் காவலாளியின் நாற்காலிக்கு ஒரு முழம் முன்னால்தான் நின்றது. நல்லவேளை, அவர் எழுந்து நின்று எனக்குச் சல்யூட் வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் மழையில் மூட்டை ஊறி, ஒன்று கிழிந்து, நான் போன தெருவெல்லாம் மணல் கோடு. நகராட்சித் துப்புரவு மேற்பார்வையாளர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து எங்கள் வாசலில் நின்றார். கையோடு ஒரு துடைப்பமும் கொண்டுவந்திருந்தார். மூன்று தெரு பெருக்கினேன்.

அடுத்து, பின் சக்கரத்துக்கு மேல் அடுக்கடுக்காக இருக்கும் வில் பட்டைகளில் இரண்டை அதுக்கென்ன உருவினார். புது ஷாக் அப்சார்பரும் போட்டார். பின்பக்கம் பணிந்து முன்பக்கம் நிமிர்ந்துவிட்டது. இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியாமல் விளக்கைப் போட்டால், வெளிச்சம் ரோட்டில் விழாமல் நேராக எதிர் மாடிக்குள் போகிறது. தபால்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "சார், சட்டையைக் கழட்டிட்டு உக்காந்திருக்கேன், தெருவே பாக்குது" என்றார். அந்த லட்சணத்தில் நான்கு சதுரக் கண்ணாடி ஏற்றியதும் பெட்டி டயரில் உரசிப் புகை வந்தது. அன்றிலிருந்து தொழில் நின்றுவிட்டது. கேட்கிறவர்களிடம் எல்லாம் கண்ணாடி வரவில்லை என்கிறேன். பொய் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

இதோடு விட்டிருக்கலாம். குஷன் கடைக்காரர் ஒருவர், "வண்டியை ஏன் சார் மாத்தறீங்க, சீட்டை மாத்துங்க" என்றார். டிரைவர் இடமும் சேர்ந்த முன் சீட்டு முழுவதற்கும், சோபாவுக்குப் போடுகிற பஞ்சை ஒரு சாண் கனத்துக்கு வைத்துத் தைத்துத் தந்தார். உட்கார்ந்தால் என் தலை கூரையில் முட்டுகிறது. கால் கிளட்சுக்கு எட்டவில்லை. ஆஸ்பத்திரி வரை தவழ்ந்தபடியே ஓட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் விட, அளந்து வைத்திருந்த அந்த இடுப்பு உயரம் போயே போய்விட்டது. திருப்பிக் கொடுத்தால் அவர் கத்தியால் அறுத்துக் குறைத்தார். குறைத்ததில் இடது பக்கம் சரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தச் சீட்டில் யாரும் பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் கேட்பது போலத்தான் உட்கார முடிந்தது.

போன சனிக்கிழமை என் பொறுமை தீர்ந்துவிட்டது. "சீட்டு உள்பட எல்லாத்தையும் பழையபடி மாட்டிடுங்க" என்று அதுக்கென்னவிடம் சொல்லிவிட்டேன். மாட்டிய பிறகு மூன்று போல்ட் மிச்சம் இருந்தது. "இது எங்கேர்ந்து?" என்றேன். "கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவா போட்டிருப்பான் சார்" என்றார். மறுநாள் விடிந்ததும் அவரே மூச்சிரைக்க ஓடிவந்து, "அது பால் வண்டியோடது சார், குடுங்க, அவங்க கிளம்பப் போறாங்க" என்று பிடுங்கிக்கொண்டு போனார்.

நேற்று மறுபடி தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போய் வந்தேன். மூன்றில் ஒரு பங்கு மிச்சம். முதல் நாள் இருந்த அதே கோடு, மச்சான், ஒரு மில்லிமீட்டர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்து, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து பழகும் சத்தம் கேட்டது. பதினோரு எட்டு, ஓர் ஓய்வு, மறுபடி பதினோரு எட்டு. முப்பத்திரண்டு வருடத்தில் அவள் என்னிடம் ஒரு நகை கேட்டதில்லை. குலுங்காமல் நாலு கிலோமீட்டர் கூட்டிப்போக என்னால் முடியவில்லை.

ஆகவே நீங்கள் வாருங்கள். வந்து என்னை என்ன திட்ட வேண்டுமோ திட்டுங்கள், வாசலிலேயே திட்டினாலும் சரி, தபால்காரர் கேட்டாலும் சரி. வண்டியை வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரருக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். ரப்பர் விரிப்பு இரண்டையும் துடைத்து மடித்து வைத்திருக்கிறேன், திருப்பி எடுத்துக்கொண்டு போகலாம்.

பெரியவர்களான உங்கள் இருவர் கால்களிலும் மனதால் விழுந்து, மன்னிப்பும் ஆசீர்வாதமும் ஒன்றாகவே கேட்கும்,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மச்சான், வர வேண்டாம். மேலே எழுதியதில் பெரும்பகுதி தவறு. கடிதத்தை உறையில் போடப் போகும்போது உங்கள் தங்கை கேட்டு வாங்கிப் படித்துவிட்டாள். படித்து முடித்துத் தாள்களை நான்காக மடித்தாள். பிறகு, "இடுப்பு போனது வண்டி குலுங்கினதுல இல்லை" என்றாள். அந்தக் கண்ணாடி கொண்டுபோனதற்கு இரண்டு நாள் முன்பு, நான் மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தபோது, நின்றுகொண்டிருந்த வண்டியின் பெட்டி மேல் ஏறி, மதில் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக் கொய்யாவை எட்டிப் பறிக்கப்போய்த் தரையில் விழுந்தாளாம். ஐம்பத்தெட்டு வயதில் திருட்டுக் கொய்யா என்று யாரிடம் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டாளாம். "நீங்க பாத்ரூம்னு சொன்னதும் எனக்கும் வசதியாப் போச்சு" என்றாள். "விழுந்தது விழுந்தாச்சு, அந்தக் கொய்யாவாவது பழுத்திருந்ததா?" என்று கேட்டேன். "செங்காய்" என்றாள்.

அப்புறம் இன்னொன்றும் கேட்டாள். "தண்ணி வெச்சு ஓட்டிப் பாத்தீங்களே, எந்த வேகத்துல போனீங்க?" "எப்பவும் போற வேகம்தான்" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எழுத என்னால் ஆகாது, நீங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்ப்பீர்களே, அது. உடனே போய், இருபதைத் தாண்டாமல், வேகத்தடைக்கு வேகத்தடை நின்று நின்று ஓட்டிவிட்டு வந்தேன். தொட்டியில் இரண்டு மில்லிமீட்டர்தான் குறைந்திருந்தது. பழைய இரும்புக்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

இந்தக் கடிதத்தைக் கிழிக்கிறேன் என்றேன், விடமாட்டேன் என்கிறாள். அண்ணனுக்கு எழுதினதை அனுப்பத்தான் வேண்டும், கொய்யா விஷயம் மட்டும் அண்ணியைத் தாண்டி வெளியே போக வேண்டாம் என்கிறாள். தபால்பெட்டிக்குத் தானும் வருவாளாம். ஏற்றிவிடுகிறேன், கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவளாகவே போய் ஏறி உட்கார்ந்துகொண்டு ஹாரன் அடிக்கிறாள். கிளம்புகிறேன்.