மஃபினுக்கு உத்தியோகம் கிடைச்ச கதை

இதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா, நான் சாகுற வரைக்கும் குடிக்கிற டீயில பால் திரிஞ்சே போகட்டும். எங்க நெட்டில்பெரியில இதுக்கு மேல சத்தியம் கிடையாது.

ஊரை ஒட்டி ஒரு புதர்வெளி. மரம்னு ஒண்ணு இல்ல. முழங்கால் உசரத்துக்குச் செடி, ஆகஸ்ட் வந்தா ஊதாப்பூ, நடுநடுவுல மஞ்சப்பூ பூக்குற முள்ளுப் புதர். அங்க குதிரை மேய்க்கிற பாத்தியதை டோரீன் பிட்ஜ்லியோட வீட்டோட ஒட்டிக்கிட்டே வந்தது. புருஷன் போனப்புறம் அவளுக்கு மிச்சம் அந்த வீடும், மஃபின்கிற மட்டக்குதிரையும்தான். பிர்ச் மரக்கன்னு மண்ணுக்கு மேல தலை நீட்டினா மஃபின் முழுங்கிரும். அதான் அங்க மரமே இல்ல.

மாவட்ட ஆபீசுக்கு ஒரு நாள் இயற்கை மேல பாசம் பொத்துக்கிட்டு வந்தது. அப்ப லண்டன்ல அதுதான் ஃபேஷன். தோட்டத்துல புல்லு வெட்டாத சோம்பேறியெல்லாம் பெரிய மனுஷன் ஆயிட்டான். புதர்வெளி அதிகாரி கிறிஸ்பின் ஹேல், விலைச்சீட்டு கிழிக்காத ரப்பர் பூட்ஸோட வந்து, சுத்தி வேலி போட்டு, ஒரு பலகையும் நட்டார்: "மனிதக் கரம் படாத இயற்கை எழில். ஊழியர் தவிர எவரும் உட்பிரவேசிக்கலாகாது."

"அப்ப என் மஃபின்?"ன்னா டோரீன்.

"அது இயற்கையைத் தின்னுது மேடம்."

"ஆமா தம்பி. நீங்க பாத்து மயங்குன எழிலு, அது தின்ன மிச்சம்தான்."

பரிசீலிக்கிறேன்னு சொல்லிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

டோரீன் வீட்டுக் கொல்லை ஒரு மேஜை விரிப்பு அகலம். அதுல மஃபினைக் கட்டி, முட்டைக்கோஸா வாங்கிப் போட்டா. பென்ஷன் முழுக்கக் குதிரை வயித்துக்குள்ள போச்சு. மஃபினும் நின்ன இடத்துலயே வாங்கித் தின்னு பழகிருச்சு. கட்டுப்படியாகாம, கடைசியில குதிரைத் தரகனைச் சனிக்கிழமை வரச் சொன்னா. சொல்லி அனுப்பின அன்னைக்கு டீயில சர்க்கரைன்னு உப்பை அள்ளிப் போட்டுக் குடிச்சா. வித்தியாசமே தெரியல அவளுக்கு.

வேலி போட்ட இந்த நாலு வருஷத்துல உள்ள பிர்ச் மரம் திமுதிமுன்னு வளந்து, ஊதாப்பூ காணாமப் போச்சு. உடனே மர அதிகாரி பிலிப்பா ஆன்ஸ்டி வந்து, ஆணி வச்சு மரத்துக்கு மரம் தகரம் அடிச்சாங்க: "இம்மரத்துக்கு ஊறு செய்யேல்." பின்னாலயே கிறிஸ்பின் ஓடி வந்தார், மரம் இருந்தா புதர்வெளி செத்துரும், வெட்டணும்னு. ரெண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ், ஒரே மேஜை. ஏதோ பிஸ்கட் தகராறுல பேச்சுவார்த்தை இல்ல. ஆனா மரியாதைக்காரங்க, சத்தம் போட மாட்டாங்க. அந்தச் சனிக்கிழமை டோரீன் சமையக்கட்டுல உக்காந்து, அவ மூலமாவே பேசிக்கிட்டாங்க.

"மரத்தை வெட்டணும்னு அவங்ககிட்ட சொல்லுங்க மேடம்."

"தொட்டா வழக்குன்னு அவர்கிட்ட சொல்லுங்க மேடம்."

"ரெண்டு பேருக்கும் காது இருக்குல்ல? டீ ஆறுது, குடிங்க."

வாசல்ல தரகன் வண்டி வந்து நின்ன சத்தம். டோரீன் எந்திரிச்சுப் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு வந்தா.

"ஒரு சந்தேகம் தம்பி. மனுஷக் கை படக் கூடாது, சரி. குதிரைக்கு ஏது கை?"

கிறிஸ்பின் கோப்பையைக் கீழ வச்சார்.

"வெட்டினா வழக்கு, அதுவும் சரி. கடிச்சா?"

"கடிக்கிறதைப் பத்தி விதியில ஒண்ணுமில்லையே..."ன்னாங்க பிலிப்பா.

"ஆனா ஊழியர்தானே உள்ள போகலாம்?"னு இழுத்தார் கிறிஸ்பின்.

"அப்ப வேலைக்கு எடுத்துக்குங்கய்யா! உங்க ஆபீசுல எல்லாரும் என்ன, இதை விடப் புத்திசாலியா?"

அதிகாரிங்க ரெண்டு பேரும் அப்பத்தான் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. தரகன் வெறுங்கையோட திரும்பினான். டோரீன், யாரும் பாக்கலைன்னு உறுதி பண்ணிக்கிட்டு, மஃபின் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதா.

மஃபின் "இளநிலை மேய்ச்சல் அலுவலர்" ஆச்சு. பளபளக்கிற மஞ்சச் சட்டை, போட்டோ ஒட்டின அட்டை. பாதுகாப்பா மேயறது எப்படின்னு பயிற்சி வகுப்பு வேற. அதுல மஃபின் நின்னுக்கிட்டே தூங்குச்சு. மத்த அலுவலருங்க உக்காந்து தூங்கினாங்க, அவ்வளவுதான்.

முதல் நாள் வேலையைப் பாக்க ஊரே தூறல்ல குடையோட வரிசை கட்டி நின்னு கைதட்டுச்சு. மஃபின் உள்ள போச்சு. ஒரு பிர்ச் மரத்தை மோந்து பாத்துச்சு. அதுக்கு அடியில ஒதுங்கி நின்னுச்சு. நின்னுச்சு. மதியம் வரைக்கும் நின்னுச்சு.

"மேயுடி கண்ணு!"ன்னு கெஞ்சினா டோரீன். மஃபின் அவளை ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க, ஆபீஸ் ஜன்னலுக்கு அந்தப் பக்கத்துல இருந்து நம்மளப் பாப்பாங்களே, அதே பார்வை.

"என்ன தம்பி, வாயே திறக்க மாட்டேங்குது?"

"பரிசீலிக்குது மேடம்,"னார் கிறிஸ்பின், கண்ணு கலங்க. "எவ்வளவு சீக்கிரம் வேலை கத்துக்கிச்சு!"

நேத்து வரைக்கும் "ஏ குதிரை, நகரு"ன்ன சனம், தொப்பியைக் கழட்டி "குட் மார்னிங் மேடம்"னு சொல்லுது. டோரீனுக்கு மட்டும் மனசு கேக்கல. பட்டினியா நிக்குதேன்னு கோட்டுப் பையில இருந்து ஒரு கேரட்டை எடுத்து வேலிக்குள்ள நீட்டினா. கிறிஸ்பின் லபக்குன்னு கையைப் பிடிச்சார்.

"பணியில இருக்கிற அலுவலருக்கு லஞ்சமா மேடம்?"

"அது என் குதிரைடா!"

"உங்க குதிரையா இருந்தது, மேடம்."

இப்ப டோரீன் மஃபினைத் தடவிக் குடுக்கணும்னா, முன்கூட்டியே கேட்டுக்கிட்டு, செவ்வாய்க்கிழமை வரணும். மரம் வளருது. மஃபின் கொழுக்குது, மாவட்டச் செலவுல முட்டைக்கோஸ் தின்னு. மாவட்டச் செலவுன்னா யாரு வீட்டுக் காசு? வேலிக்கு வெளிய நின்னு கைதட்டினோமே, நம்ம காசுதான்.

சரி, கதை கேட்டுச் சிரிச்சாச்சுல்ல, காசை எடுங்க. நான் அலுவலர் இல்ல, எனக்குக் குடுத்தா லஞ்சத்துல சேராது. கேரட்டை உள்ள வைங்க, ஆளுக்கு ஒரு கோப்பை பீர் எனக்கு வாங்குங்க. பரிசீலிக்கிறேன்னு சொல்றவன் எவனோ, அவன் போய் மஃபின் பக்கத்துல நிக்கட்டும்.