ஆட்டுத்தோல் நிறுத்திய எக்ஸ்பிரஸ்

எனக்கு மூக்கு கிடையாது. முகத்தின் நடுவில் ஒன்று இருக்கிறது, கண்ணாடி மாட்ட உதவுகிறது, அவ்வளவுதான். ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் கம்பெனியில் ஒரு வருஷம் வேலை பார்த்தவனுக்கு நாற்றம் என்பது பிறர் சொல்லித் தெரியவேண்டிய விஷயம். அன்று யாரும் சொல்லவில்லை. அதனால் நான் ஒரு ரயில்வே அதிகாரியை ஏறக்குறையக் கொன்றுவிட்டேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. மெட்ராஸ் எக்ஸ்பிரஸ் தினமும் பகல் ஒன்றேகாலுக்கு எங்கள் ஊரை விசில் அடித்துக்கொண்டே கடந்துபோகும். பதினோரு மைல் தள்ளிப் பெரிய ஸ்டேஷனில்தான் நிற்கும். எங்களுக்கு வரும் பச்சைத்தோல், அதாவது பதனிடாத தோல், அங்கே இறங்கி, மாட்டுவண்டிக்குக் காத்துக் கிடந்து, வெயிலில் ஆடி அசைந்து வருவதற்குள் பாதி கெட்டுவிடும். தோல் கெட்டால் கம்பெனியில் வேலை இல்லை. வேலை இல்லாத நாளில் ஊரில் பாதி வீட்டில் அடுப்பு எரியாது. எங்கள் ஸ்டேஷனில் நீளமான பிளாட்பாரமும் இன்னொரு தண்டவாளமும் போட்டால் எக்ஸ்பிரஸ் நிற்கும். போடலாமா, வேண்டாமா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது.

வேண்டாம் கட்சிக்குத் தலைவர், ஊர் வண்டிக்காரர்களுக்கெல்லாம் மேஸ்திரியான முனுசாமி. "தோலு இன்னா பாலா, திரிஞ்சி போறதுக்கு? இத்தினி நாளா எங்க மாடு இஸ்துகினு வர்ல?" என்று டீக்கடை டீக்கடையாகக் கேட்டார். எக்ஸ்பிரஸ் நின்றால் பதினோரு மைல் சவாரி போய்விடும் என்ற பயம் அவருக்கு. நியாயமான பயம்தான்.

வேண்டும் கட்சிக்கு எங்கள் முதலாளி காதர் பாய். இரண்டு தரப்பையும் கேட்க ரயில்வே அதிகாரி வருகிறார் என்றதும், பி.ஏ. படித்த ஒரே குற்றத்துக்காக என்னைப் பேசச் சொன்னார்.

"தம்பி, ஜாஸ்தி பேசாதே. கம்மியா பேசு, காரியமா பேசு."

நான் பேசப்போவதே இல்லை, அத்தாட்சி பேசும் என்று முடிவு செய்தேன். (அந்த வயதில் எனக்கு இருந்த புத்திசாலித்தனத்தை இன்று நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.) இரண்டு ஆட்டுத்தோல்களைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டேன். ஒன்று அன்று காலை உரித்தது. இன்னொன்று மூன்று நாள் காத்துக் கிடந்து வண்டியில் வந்தது. எங்கள் தொழிலில் தோல் கெட்டுவிட்டதா என்று அறிய முடியைப் பிடித்து இழுப்போம். வராவிட்டால் நல்ல தோல். கையோடு வந்தால் போச்சு.

அதிகாரி, காலை பாசஞ்சரில் கோத்து வந்து பிளாட்பாரத்தின் பின்புறக் கிளைத் தண்டவாளத்தில் கழற்றி நிறுத்தியிருந்த தன் சலூனிலேயே விசாரணையை வைத்தார். (சலூன் என்றால் பெரிய அதிகாரிகளின் தனிப்பெட்டி. முடி வெட்டும் இடமில்லை. ஆனால் அன்று அப்படித்தான் ஆயிற்று.) சித்திரை மாதம். புழுதிக்குப் பயந்து ஜன்னல்களை மூடியிருந்தார்கள். மேலே ஃபேன் சுழன்றது. மேஜையில் வரைபடம், பக்கத்தில் திறந்த கேரியரில் தயிர்சாதம்.

முனுசாமி முதலில் பேசினார். நன்றாகவே பேசினார். அதிகாரி தலையாட்டத் தொடங்கியதும் காதர் பாய் என்னை முழங்கையால் இடித்தார்.

எழுந்து, முதல் தோலை மேஜையில் விரித்தேன். "சார், இது எக்ஸ்பிரஸ்." இரண்டாவதை வரைபடத்தின் மேலேயே விரித்தேன். "இது மாட்டுவண்டி."

அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். எங்கள் கஷ்டத்தைக் கண்டு கண்ணைத் துடைக்கப்போகிறார் என்று நினைத்தேன். கைக்குட்டை மூக்குக்குப் போனது.

"முடியைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்க சார்!" என்றேன். அவர் அசையவில்லை. கூச்சப்படுகிறார் போலிருக்கிறது என்று நானே இழுத்தேன். கொத்துக் கொத்தாக வந்தது. வெற்றிப் பெருமிதத்தோடு இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்தினேன்.

மேலே ஃபேன்.

அடுத்த நிமிஷம் சலூனுக்குள் முடிமழை. வரைபடத்தில் முடி, தயிர்சாதத்தில் முடி, அதிகாரியின் மீசையில் கூடுதலாக ஒரு மீசை. மனுஷர் கதவைத் திறந்துகொண்டு பிளாட்பாரத்தில் குதித்தார்.

"இன்னா ஆச்சு அவருக்கு? ஒடம்பு சரியில்லியா?" என்று காதர் பாய் உண்மையான கவலையோடு கேட்டார். (அவருக்கும் மூக்கு கிடையாது.)

வெளியே அதிகாரி ஸ்டேஷன் மாஸ்டரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "அடுத்த வண்டி எப்போ?"

"பாசஞ்சர் நாலரைக்கு சார்."

"எக்ஸ்பிரஸ்?"

"இதோ வருது சார். ஆனா நிக்காது. இவ்ளோ சின்ன பிளாட்பாரத்துல நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதான் சார் உத்தரவு போட்டீங்க."

சொல்லி வாய் மூடவில்லை, எக்ஸ்பிரஸ் விசிலடித்துக்கொண்டு அவர் கண்ணெதிரே போயிற்று. அன்று அவர் அதைப் பார்த்த அதே பார்வையோடுதான் எங்கள் ஊர் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முனுசாமிக்கு ஒரே குஷி. "கவலப்படாதீங்க சார், நம்ம வண்டி கீது. பெரிய ஸ்டேஷனுக்கு இட்டுகினு போறேன்" என்று ஏற்றிக்கொண்டார். பத்து வருஷமாகத் தோல் சுமந்த வண்டி அது. ஊர் எல்லை வேப்பமரம்வரை போன அதிகாரி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியே திரும்பிவிட்டார்.

பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஸ்டேஷன் மாஸ்டரிடம் காகிதம் வாங்கி, அங்கேயே அறிக்கை எழுதினார். மீசையில் முடி ஒட்டியிருப்பதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதி முடித்து என்னைக் கூப்பிட்டார். "இந்தத் தோல் எங்கேயும் ஒரு நிமிஷம்கூடத் தாமதமாகக் கூடாது. எழுதிட்டேன். நீ தூரமா நில்லு."

மறு வருஷம் எக்ஸ்பிரஸ் எங்கள் ஊரில் நின்றது. இரண்டே நிமிஷம்தான். காதர் பாய் எஞ்சினுக்கு மாலை போட்டார். அழுதேவிட்டார். நானும் அழுதேன். முனுசாமி தன் மாட்டுக்கு மாலை போட்டார். பதினோரு மைல் சவாரி ஒன்று போனாலும், ஸ்டேஷனிலிருந்து கம்பெனிக்குத் தினமும் ஆறு சவாரி கிடைத்தது அவருக்கு. "நான் அப்பவே சொன்னேனே, எக்ஸ்பிரஸ் ஓணும்னு" என்றார், கூசாமல்.

இன்றைக்கும் வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ, நான் நாலு பேர் நடுவில் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தால் போதும். என் மனைவி, அந்த முனுசாமியின் மகள், அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பாள்:

"அவரு பேசப் போறாரு. யாராவது அந்த ஃபேனை நிறுத்துங்க!"