பாக்கியத்தின் தொட்டிலுக்கு மேல் பன்னிரண்டு கரடிகள்

அன்றைக்குக் கண்ணாடித் தகட்டில் நடந்து காட்டிய அந்தக் கரடி, என் மகளின் பெயர் எழுதிய பொட்டலத்திலிருந்து வந்ததுதானா? ஆறு வருடங்களாக இந்தக் கேள்வியை என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் ‘ஆம்’ என்று தோன்றும். மறுநாள் துணி காயப்போடும்போது ‘இல்லை’ என்று தோன்றும்.

இந்தக் கேள்வியை என் தலையில் ஏற்றிவிட்டவரைப் ‘பாசிக் கிளாக்கர்’ என்றுதான் எங்கள் தெரு முழுவதும் சொல்லும். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அவர் எழுத்து வேலை பார்த்த அரசாங்கக் கச்சேரியின் பதிவேட்டுக்கு வெளியே அதை யாரும் கேள்விப்பட்டதில்லை. மட்டக்களப்பில் மனிதரின் முகத்தைப் பாராமல், அவர்கள் வீட்டுக் கிணற்றுக்கட்டைக் கொண்டே ஆளை அறிந்து வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். யாராவது ஒரு பெயரைச் சொன்னால் நெற்றியைச் சுருக்கி யோசிப்பார். பிறகு முகம் மலரும்.

“ஆர், அந்த வடக்குப் பக்கம் தடிப்பாப் பச்சை பிடிச்ச கிணத்துக்காரரா? தங்கமான மனிசர்!”

தை பிறக்குமுன் ஊரெல்லாம் வீட்டுக்கு வெள்ளையடித்துக் கிணற்றடியைத் தேய்க்கும். அந்த நாட்களில் கிளாக்கர் வீடு வீடாக வந்து கைகூப்பி நிற்பார்.

“அக்கா, தேய்க்க வேணாமெண்டு சொல்லல்ல. அந்த மூலையில மட்டும் ஒரு சாண் விடுங்க. உள்ளுக்க ஆக்கள் இரிக்காங்க.”

என் மாமி, அதாவது என் வீட்டுக்காரரின் தாயார், கையிலிருந்த தேங்காய்த் தும்பைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்: “ஆக்கள் இரிக்காங்களா? அப்ப அவங்களையும் வந்து ஒரு கை தேய்க்கச் சொல்லுங்க!”

ஒரு செத்த வீட்டில் அவர் மதிலுக்கு முகத்தைக் கொடுத்தபடி வெகுநேரம் நின்றாராம். உறவுக்காரரை விட அதிகமாக அழுகிறாரே என்று பெண்கள் உருகிப்போனார்கள். கிட்டப் போய்த் தோளைத் தொட்டவர்தான் கண்டார், கிளாக்கர் தேக்கரண்டியால் மதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்தக் கரண்டி எப்போதும் அவருடைய சட்டைப் பையில் இருக்கும். மற்றக் கிளாக்கர்மார் அந்த இடத்தில் பேனை வைத்திருப்பார்கள்.

கச்சேரியில் அவருடைய மேசை லாச்சியை இழுத்தால் முழுவதும் நெருப்புப் பெட்டிகள். ஒருநாள் பெரிய கிளாக்கர் சுருட்டைப் பற்றவைக்க ஒன்றை எடுத்துத் திறந்தார். உள்ளே காய்ந்த பாசி. இரண்டாவதிலும் பாசி. மூன்றாவதைத் தொடும்போது நம்மவர் மெதுவாகச் சொன்னாராம்: “ஐயா, அவங்க நித்திரை. எழுப்பாதீங்க.” மறுவாரமே அவரைப் பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். தண்டனை என்று கொடுத்தவர்கள் ஏமாந்தார்கள். அந்த அறைச் சுவர் வருடம் முழுவதும் ஈரமாம். மனிதர் சந்தோஷத்தில் சாப்பாட்டை மறந்து ஒரு சுற்று மெலிந்துபோனார்.

இத்தனைக்கும் காரணம், ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்கார டாக்டரின் சாமான்களோடு ஏலத்தில் வந்த ஒரு நுணுக்குக்காட்டி, கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி. பித்தளைக் குழாயும் கீழே ஒரு சின்ன முகக்கண்ணாடியுமாக இருக்கும். அதன் வழியாக அவர் முதன்முதல் பார்த்தது நீர்க்கரடி என்ற ஒரு பிராணியை. பிறகு அவருக்கு வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. கடுகை நுணுக்கினால் வரும் தூளைவிடச் சிறியது. பாசியின் ஈரத்துக்குள் குடியிருக்கும். கச்சான் காற்று அடித்துப் பாசி காய்ந்தால், அதுவும் காலை இழுத்துக்கொண்டு ஒரு பொடி விதை போலச் சுருண்டுவிடும். மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மாரி மழை ஒரு துளி விழுந்தால் காலை நீட்டி எழும்பி நடக்கும். சூடு, குளிர், பட்டினி எதற்கும் அசையாதாம்.

“சிங்கம் புலியெண்டு சொல்லுறாங்க. மூணு நாள் தண்ணியில்லாம இருக்கச் சொல்லுங்க பாப்பம்!” என்பார் கிளாக்கர்.

இதையெல்லாம் நானும் தெருவோடு சேர்ந்து சிரித்துக் கேட்டவள்தான். பாக்கியம் பிறக்கும் வரைக்கும்.

பாக்கியம் எட்டாம் மாதத்தில் பிறந்தாள். ஏழில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்று எங்கள் பக்கத்தில் ஒரு சொல் உண்டு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லை என் முன்னே சொல்லாமல், கதவடியில் நின்று சொன்னார்கள். மாமி பிள்ளையைக் கையில் வாங்கி, “என்னகா இது, புள்ளையா எறாலா?” என்றார். சொல்லிவிட்டு அவரே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கிருமி என்றால் என்னவென்று தெரியும். அந்தப் படிப்பு எனக்கு நித்திரையைக் கெடுக்கத்தான் உதவியது. தண்ணீரை மூன்று தரம் கொதிக்க வைப்பேன். பிறகு, இவ்வளவு கொதித்தால் தண்ணீரின் சத்துப் போய்விடுமோ என்று பயந்து ஊற்றிவிட்டு, மீண்டும் இரண்டு தரம் மட்டும் கொதிக்க வைப்பேன். வீட்டுக்காரரின் கைக்கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு பிள்ளையின் மூச்சை எண்ணுவேன்.

அப்படி ஒருநாள் எண்ணிக்கொண்டிருந்தபோது கிளாக்கர் வந்தார். பிள்ளை பார்க்க வந்ததாகத்தான் சொன்னார். ஆனால் கிணற்றடி வழியாக வந்தார்.

“தங்கச்சி, ஏன் அழுறயள்?”

“எட்டாம் மாசத்துப் புள்ள...” என்றேன்.

“எட்டா?” கிளாக்கருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. “எட்டுக்கு என்ன குறை? நம்மட கரடிக்கும் எட்டுக் கால்தான்!”

சொன்னதோடு நிற்கவில்லை. ஓடிப்போய்ப் பித்தளைக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் கிணற்றுப் பாசியிலேயே ஒரு கரடியைத் தேடிப் பிடித்துக் காட்டினார். நான் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். கொழுத்த உடம்பு. கட்டைக் கட்டையாக எட்டுக் கால்கள். காலுக்குக் கால் நகம். அடி வைக்கத் தெரியாத பிள்ளை மெத்தை மேல் நடப்பதுபோல் தடுமாறித் தடுமாறி, ஆனால் ஒரு அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

“கடிக்குமா?” என்று கேட்டேன். தாய்க்கு அதுதான் முதலில் வரும்.

“ஐயோ தங்கச்சி! பாசியில ஒள்ளுப்பம், ஒரு துளிச் சாறு குடிச்சிட்டுத் தன்ட பாட்டில இருக்கிற சீவன்.”

அந்தக் கிழமை அவரை நிலம் அளக்கும் கூட்டத்தோடு மூன்று மாதம் பொத்துவில் பக்கம் போகச் சொல்லியிருந்தார்கள். போகுமுன் காய்ந்த பாசியில் ஒரு கைப்பிடியைக் கடதாசியில் மடித்து, நூல் கட்டி, மேலே ‘பாக்கியம்’ என்று அழகான கச்சேரிக் கையெழுத்தில் எழுதினார். தொட்டிலுக்கு நேர் மேலே கூரையின் வளைமரத்தில் செருகினார். அடுப்புச் சூடு வந்து சேரும் இடம், நன்றாகக் காயுமாம்.

“கரடி காஞ்சு கிடக்கட்டும், புள்ள நனைஞ்சு கிடக்கட்டும். நான் வந்து ரெண்டையும் எழுப்பிப் பாக்கிறன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஒரு பிழை செய்தேன். படித்தவள் செய்யக்கூடாத பிழை. அந்தக் கரடி எழும்பினால் என் பிள்ளையும் தங்கும் என்று மனதுக்குள் ஒரு பந்தயம் வைத்துக்கொண்டேன். வைத்த பிறகு அதை எடுக்க முடியவில்லை. இரண்டாவது பிழை, பொட்டலத்தைப் பற்றி மாமியிடம் சொல்லாமல் விட்டது.

பாக்கியம் மூன்றரை மாதமாக இருந்தபோது தடிமன் பிடித்து, மூக்கடைத்து, இரண்டு நாளாகச் சரியாகப் பால் குடிக்காமல் கிடந்தாள். மாமி ஒட்டறை அடிக்க ஏறியவர் வளையில் பொட்டலத்தைக் கண்டார். எங்கள் ஊரில், தொட்டிலுக்கு மேலே, பிள்ளையின் பெயர் எழுதி, நூல் கட்டி, உள்ளே மண்ணும் கறுப்புத் தூளுமாக ஒரு பொட்டலம் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

“செய்வினை!” என்ற மாமியின் சத்தம் கல்லடிப் பாலம் வரை கேட்டிருக்கும்.

“மாமி, அது...” என்று நான் வாயைத் திறந்தபோது மாமி தெருவில் நின்றார். என் வீட்டுக்காரர் பத்திரிகையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

தேற்றாத்தீவிலிருந்து கட்டாடியார் வந்தார். அம்மன் கோயிலில் பூசை செய்பவர், செய்வினை எடுப்பதிலும் பெயர் போனவர். நான் உண்மையைச் சொன்னேன். “கரடியா? இதுக்குள்ளயா?” என்று கேட்டு, என்னையும் சேர்த்து வேப்பிலையால் ஒரு அடி அடித்தார். பிறகு மூன்று நாள் பொட்டலத்துக்கு நடந்ததை எழுதவே எனக்கு நெஞ்சு பதறுகிறது. செத்தல் மிளகாய்ப் புகை, சாம்பிராணிப் புகை, உப்புச் சட்டிக்குள் அடைப்பு, உச்சி வெயிலில் வாட்டல், நேரம் தவறாமல் ஏச்சு. மூன்றாம் நாள் பின்னேரம் அதை வாவியில் கரைக்க ஊர்வலமாகப் புறப்பட்டார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாமி முன்னே, தெருச்சனம் பின்னே.

அந்த நேரம் பார்த்துப் பொத்துவில் வண்டியிலிருந்து இறங்கி, குடையும் பெட்டியுமாகக் கிளாக்கர் எதிரே வந்தார்.

“நில்லுங்க! நனைச்சிடாதீங்க!”

கட்டாடியார் திரும்பினார். “கிளாக்கர், இது ஆர்ட வேலை?”

“என்ட வேலைதான்.”

சனம் ஒரு அடி பின்வாங்கியது. மட்டக்களப்பில் செய்வினை செய்தவன் நடுத்தெருவில் நின்று ஒத்துக்கொண்டதை அதுவரை யாரும் கண்டதில்லை.

“புள்ளைக்கு என்னத்த வச்சயள்?”

“கரடி.”

“எத்தின?”

“எண்ணல்ல. பத்துப் பன்ரண்டு இரிக்கும்.”

மாமி மயங்கி விழ இடம் பார்த்தார். தோளில் பிள்ளை இருந்ததால் விழவில்லை.

கிளாக்கர் கெஞ்சிக் கூத்தாடி ஒரு நுள்ளுத் தூள் வாங்கினார். ஊர்வலம் வாவிக்குப் போகாமல் அவருடைய வீட்டுக்குள் போயிற்று. யன்னலடியில் குழாயை வைத்து, மழைத்தண்ணீரில் தூளை நனைத்து, காத்திருக்கச் சொன்னார்.

“நித்திரை கூடினதால எழும்ப ஒள்ளுப்பம் நேரம் எடுக்கும்.”

“எங்கட ஆம்புளயளும் அப்படித்தான்” என்றார் மாமி.

கிளாக்கர் குனிந்து பார்த்தார். தகட்டை நகர்த்திப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவருக்கு ஒன்றையும் மறைக்கத் தெரியாது, காது சிவந்துவிடும். காது சிவந்தது. நிமிர்ந்தபோது அவருடைய கண் நேரே என்னிடம் வந்தது. பந்தயத்தைப் பற்றி நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆனாலும் என் முகத்தில் அது எழுதியிருந்ததோ என்னவோ.

“தண்ணி சரியில்ல. மாத்திக்கொண்டு வாறன்” என்று தகட்டை எடுத்துக்கொண்டு மறைப்புத் தட்டிக்கு அந்தப் பக்கம் போனார். அங்கே மழைத்தண்ணீர்ப் பீப்பா இருக்கிறது. கிணற்றடிக்குப் போகும் சின்னக் கதவும் இருக்கிறது. தண்ணீர் மாற்றும் நேரத்தை விட அவர் கூடுதலாகவே நின்றார்.

“தண்ணி அள்ளக் கல்லடிக்குப் போயிட்டாரோ?” என்றார் மாமி.

திரும்பி வந்து தகட்டை வைத்துக் குனிந்தார். “தங்கச்சி, வாங்க.”

நடந்துகொண்டிருந்தது. அதே கொழுத்த உடம்பு, அதே எட்டுக் கால், அதே அவசரமில்லாத தடுமாற்றம். எனக்கு அழுகை வந்து குழாய்க் கண்ணாடி நனைந்துவிட்டது. கட்டாடியார் துடைத்துவிட்டுப் பார்த்தார். பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார்.

“நான் சொன்னனா இல்லையா, உள்ளுக்க ஆள் இரிக்கெண்டு!”

கடைசியாக மாமி ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். “அந்த மிளகாய்ப் புகைக்கும் சாகல்லையா?” என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு தோளில் இருந்தவளைக் கீழே இறக்கி, அவளுடைய மூக்கோடு மூக்கை வைத்துச் சொன்னார்: “மனே, கேட்டயா? எட்டுக் கால் பூச்சியே நிக்குதாம். எட்டு மாசத்துப் புள்ள நிக்காதா?”

அன்று இரவு பாக்கியம் வயிறு நிறையப் பால் குடித்தாள். தடிமன் மாறும் நாள் வந்து மாறியது என்றுதான் என் படிப்புச் சொல்கிறது. ஆனால் அன்றிலிருந்து நான் தண்ணீரை ஒரு தரம் மட்டும் கொதிக்க வைத்தேன். கடிகாரத்தையும் வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் கிளாக்கருக்கு இடமாற்றம் வந்தது. மன்னார் என்றார்கள், பிறகு புத்தளம் என்றார்கள். போகும்போது மிச்சப் பாசியை அதே கடதாசியில் கட்டி மாமியிடம் கொடுத்தார். மாமி அதைத் தன் ஓலைப்பெட்டியில், கோயில் திருநீற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்.

இப்போது நான் இரண்டாவது பிள்ளைக்குக் காத்திருக்கிறேன். போன கிழமை மாமி பெட்டியைத் திறந்து பொட்டலத்தை எடுத்து, “தொட்டில் கட்டினா இதையும் மேல செருகு புள்ள” என்றார். இத்தனை வருடம் காய்ந்த கரடி உயிரோடு இருக்குமா? இல்லாவிட்டால் அதைச் செருகுவது, நானே என் பிள்ளையின் தலைக்கு மேல் ஒரு மூடநம்பிக்கையைக் கட்டுவது ஆகாதா? செருகாமல் விட்டுப் பிள்ளை ஒரு தும்மல் தும்மினால், மாமி என்னை ஏசமாட்டார். நானே என்னை ஏசிக்கொள்வேன். நனைத்துப் பார்த்துவிடலாம் என்றால் என்னிடம் குழாயும் இல்லை.

படித்த வாசகர்களே, பிள்ளை வளர்த்த வாசகிகளே, நான் என்ன செய்யட்டும்? எழுதுங்கள். மாமியும் எழுத்துக்கூட்டி வாசிப்பார், ஆகையால் கொஞ்சம் மரியாதையாக எழுதுங்கள்.

உங்கள் ஊரில் யாராவது, உங்கள் சுகத்தைக் கேட்குமுன் உங்கள் கிணற்றுக்கட்டின் சுகத்தைக் கேட்டால், அது எங்கள் கிளாக்கர்தான். பாக்கியம் பள்ளிக்கூடம் போகிறாள், கிணற்றுக்கட்டில் ஏறி நின்று ஏச்சு வாங்குகிறாள் என்று அவரிடம் சொல்லுங்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் அன்றைக்கு என்ன செய்தார் என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். பாவம், அவருக்குக் காது சிவந்துவிடும்.