மூன்றாம் ஓலையும் ஆறு தட்டும்

மதிப்பிற்குரிய ஜான்ரோஸ் அத்தானுக்கு, குலசேகரத்திலிருந்து உங்கள் தங்கை மாப்பிள்ளை ஞானசிகாமணி பணிவோடு எழுதுவது. கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உங்கள் தங்கை நேசபாயின் வலது தோளைத் தவிர. ஆறு மாதமாக அந்தக் கை தலைக்கு மேலே போகமாட்டேன் என்கிறது. இரணியலில் அக்காவும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். போனில் பேசினால் பக்கத்து வீட்டுச் சத்தியபாய்க்குக் கேட்கும், அதனால் எழுதுகிறேன்.

என் மகள் ஆன்ஸ்லின் கல்யாணத்துக்குக் கோயிலில் ஞாயிறு ஆராதனையில் இரண்டு அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதைப் போதகர் நிறுத்திவைத்துவிட்டார். மூன்றும் வாசிக்காமல் கல்யாணம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளை நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போக இங்கிலீஷ் பரீட்சை எழுதுகிறாளல்லவா, போனில் பாடம் எடுக்கிற டீச்சர், நீளமான வார்த்தையை அசை அசையாகப் பிரித்து, அசைக்கு ஒரு தட்டாகக் கைதட்டிச் சொன்னால் உச்சரிப்பும் எழுத்தும் தப்பாது என்றிருக்கிறார். தினமும் விடியற்காலம் முற்றத்தில் நின்று 'நி-மோ-னி-யா' என்று நாலு தட்டு தட்டினாள். ஒற்றைக்குத் தட்ட வெட்கமாயிருக்கு என்றதால் நானும் சேர்ந்தேன், தோள்வலியோடு நேசபாயும் சேர்ந்தாள். 'ஹை-போ-கிளை-சீ-மி-யா' வந்தபோது மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டோம். திறந்திருந்தால் எனக்கு ஆறாவது தட்டு வருவதில்லை. மதிலுக்கு அந்தப்பக்கம் நின்று சத்தியபாய் பார்த்திருக்கிறாள். கைதட்டு, மூடிய கண், புரியாத பேச்சு. நாங்கள் கைதட்டுற பெந்தெகொஸ்தே சபைக்குப் போயாச்சு, ஆவி இறங்கி அந்நியபாஷையும் வந்தாச்சு என்று கோயில் கமிட்டியில் சொல்லிவிட்டாள்.

போதகர் வீட்டுக்கு வந்தார். இது வெறும் இங்கிலீஷ் என்றேன். ஒன்று தட்டிக் காட்டும் என்றார். பயத்தில் வேறு வார்த்தை வாயில் வராமல், 'டை-ய-ரி-யா' என்று தட்டினேன். அவர் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

"நீங்க எதுக்குக் கண்ண மூடுனிய?" என்று நேசபாய் தலையில் அடித்துக்கொண்டாள், இடது கையால்.

அத்தான், மாப்பிள்ளை வீட்டுக்காரர் உங்கள் சபை. அவர்கள் காதுக்கு எட்டுமுன்னே சனிக்கிழமை வந்து, இது மூணு தலைமுறையா பாட்டுக்குக்கூட கையைக் கட்டிக்கிட்டு நிக்குற குடும்பம்னு போதகர்ட்ட ஒரு வாய் சொல்லணும். இல்லேன்னா எம் பிள்ளைக்க கல்யாணம் நின்னுபோவும். எனக்கு உறக்கமே இல்ல. இனி வீட்டுல கொசு அடிக்கதுன்னாலும் எங்கிட்ட கேட்டுட்டுதான் அடிக்கணும்னு சொல்லிப்போட்டேன்.

அக்காவுக்கு என் ஸ்தோத்திரம். ஆண்டவர் உங்கள் முட்டுவலியையும் நம் மானத்தையும் பார்த்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
ஞானசிகாமணி

பி.கு.: கவரை ஒட்டுமுன் ஒரு சேதி. இன்று காலை நேசபாயின் வலது கை தலைக்கு மேலே போயிற்று. பத்து நாள் தட்டின தட்டில் தோள் இளகிவிட்டதாம். வீட்டில் தட்டக்கூடாது என்று நான் சொன்னதால், "இங்கிலீஷ் இல்லாம தட்டுற எடத்துக்குப் போறேன்" என்று, சத்தியபாயிடமே குடை இரவல் வாங்கிக்கொண்டு, ஜங்ஷனில் இருக்கிற கைதட்டுற சபைக்குப் போயிருக்கிறாள். சனிக்கிழமை வரவேண்டாம் அத்தான், இன்றைக்கே வாருங்கள்.