கொட்ரேஷ் பஜந்த்ரியின் ஞானப்பல்லுக்காக மூண்ட இரு பட யுத்தம்

வாழி! வாழி! தாவணகெரெ மாநகரின் முகூர்த்த மேடைகளில் ஷெனாய் ஊதியே எண்ணூறு தாலிகளை ஏறவைத்தவனும், ஊதி ஊதி உரமேறிய கன்னத்தினனும், அக்கன்னத்தின் இடப்புறம் இன்று மாதுளைபோல் வீங்கப்பெற்றவனுமாகிய கொட்ரேஷ் பஜந்த்ரி வாழி! ஞாயிற்றுக்கிழமை சொந்தத் தங்கை குசுமாவின் கலியாணத்தில் ஊத வேண்டியவன், வியாழக்கிழமை காலையில் பல் கல்லூரி நாற்காலியில் மல்லாந்து கிடந்தான், பாவம்.

படுத்தியது கீழ்க்கடைவாய் ஞானப்பல். பிடுங்கிவிடலாம்தான். ஆனால் அதன் வேர் அடியில் ஓடும் நரம்பைத் தொட்டிருந்தால், பிடுங்கிய கையோடு கீழுதடு மரத்துப்போகக்கூடும். மரத்த உதட்டில் ஷெனாய் நிற்குமா? குசுமாவுக்கு வேறு எவனோ ஒருவன் ஊதுவதா? வேரைக் காண எக்ஸ்ரே படம் வேண்டும். எந்தப் படம்? அங்கேதான் ஐயா மூண்டது மகாயுத்தம்!

ஒருபுறம், முப்பதாண்டுகள் இருட்டறைச் செவ்விளக்கையே சூரியனாய்க் கொண்டு, மருந்துக்கறை படிந்த விரல்களையே வாகைமாலையாய்ப் பூண்ட பிலிம்குலத் திலகம் டாக்டர் ஷம்புலிங்கப்பா. மறுபுறம், இமைப்பொழுதில் எயிற்றின் உருவைத் திரையில் எழுப்பும் சென்சாரை ஏந்தி, படம் கழுவும் தொட்டியைக் கனவிலும் தீண்டாத கரத்தினளாய் நின்ற டாக்டர் நமிதா ஹெப்பார்.

"சார், நீங்க படத்தைக் கழுவிக் காயவைக்கிறதுக்குள்ள இவர் தங்கச்சிக்குச் சீமந்தமே முடிஞ்சிரும்!" என்று சங்கநாதம் முழக்கினாள் நமிதா.

"அந்தச் சென்சார் செங்கல்லத் தொண்டை வரைக்கும் திணிச்சா மனுஷன் வாந்தி எடுப்பாம்மா!" என்று கர்ஜித்தார் ஷம்புலிங்கப்பா.

புகுந்தது சென்சார். புரண்டெழுந்தது ஓங்கரிப்பு. நர்ஸம்மா நாலடி தள்ளிப் பாய்ந்தாள். திரையில் பல் வந்தது, வேரின் நுனி மட்டும் வரவில்லை. வெற்றிச் சிரிப்போடு புகுந்தது பிலிம், வெற்றிலைபோல் வளைந்து கடைசிவரை சென்றது. ஆனால் வேகத்தில் முன்பின் மாற்றி வைத்துவிட்டபடியால், உறைக்குள்ளிருந்த ஈயத்தகட்டின் வரிகள் படிந்து, படம் முழுக்க டிராக்டர் டயரின் தடமாய் வெளுத்துக் கிடந்தது. நமிதா சிரிப்பை அடக்கவே இல்லை.

"ஏன் சார், எனக்கு உதடு இருக்குமா இருக்காதா? அதச் சொல்லாம ரெண்டு பேரும் மல்லுக்கு நிக்கிறீங்களே!" என்று வெடித்தான் கொட்ரேஷ். "ரெண்டையும் திரும்ப வைங்க. ஷெனாய் ஊதுறப்ப இழுக்கிற மாதிரி மூக்காலயே மூச்ச ஓட்டிக்கறேன், ஓங்கரிக்காது."

அப்படியே ஓட்டினான் அந்த மூச்சு வேந்தன்! சென்சார் ஆழம் சென்றது, அவன் அசையவில்லை. பிலிம் சென்றது, அப்போதும் அசையவில்லை. இருள் கிழித்து ஈரம் சொட்ட வந்த பிலிமும் ஒளி சிந்திய திரையும் அருகருகே நிறுத்தப்பட, நான்கு விழிகள் அவற்றை நெடுநேரம் துழாவின. இரண்டிலும் ஒரே வேர், ஒரே நரம்பு, நடுவே ஒரே இடைவெளி.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா," என்றார் ஷம்புலிங்கப்பா.

"ஆமா சார். உதட்டுக்கு ஒண்ணும் ஆகாது. பல்லும் சொத்தை இல்ல," என்றவள் சட்டென நிறுத்தினாள். "அப்புறம் ஏன் சார் வீங்கிருக்கு?"

அதுகாறும் படங்களையன்றிப் பிறிதொன்றைப் பாராத அப்பெருவீரர் இருவரும், பகை மறந்து, சிறு கண்ணாடி ஏந்தி, தலையோடு தலை முட்ட, முதன்முறையாகக் கொட்ரேஷின் திருவாய்க்குள் எட்டிப் பார்த்தனர்.

ஈறுக்கு அடியில் ஒரு கடலைத்தோல் மாட்டியிருந்தது.