ஒன்பதாம் சுற்றுக்கு ஒரு யோசனை

பதில் வரும் என்று கண்ணாடிக்கடைக்காரர் நினைக்கவே இல்லை. கண் பரிசோதனைக்கு வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தபாலில் வந்த உறையைப் பிரித்து ஒரு தடவை படித்தார். நாற்காலியை மறந்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"கடைசி வரியப் படிக்கட்டுங்களா?" என்று சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தபடி கேட்டார் வந்தவர்.

"நான் படிச்சுட்டேன். அதுதான் பிரச்சினை."

கடிதத்தின் கடைசி வரி இதுதான்: 'தங்கள் யோசனையை ஏற்று, மறுபடியும் மோதப் போகிறேன்.'

எழுதியவர் இரும்புத்தாடை. அது பட்டப்பெயர். இருபத்தேழு வருடங்களுக்கு முன் சாம்பியன் பட்டத்துக்கான குத்துச்சண்டையில் எட்டுச் சுற்றுவரை அவர் கைதான் ஓங்கியிருந்தது. ஒன்பதாம் சுற்றில் இடது கையால் ஒரு குத்து விட்டார். விட்ட கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவராமல் இடுப்புக்கு இறக்கினார். எதிராளிக்குக் கடிகாரம் என்று பெயர்; அடி நேரம் தவறாது. அவருடைய வலது கை அந்த இடைவெளிக்காகவே பிறந்ததுபோல வந்தது. தாடை இரும்பு இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது அன்றைக்குத்தான்.

அந்தப் போட்டியின் பதிவைக் கண்ணாடிக்கடைக்காரர் விடுமுறை நாள் தவறாமல் வீட்டில் போட்டுப் பார்ப்பார். ஒன்பதாம் சுற்று வந்ததும், "கையத் தூக்குய்யா" என்பார். இரும்புத்தாடை ஒரு தடவையும் கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மனைவி துணி மடித்துக்கொண்டிருப்பாள். கல்யாணமான புதிதில் அவளும் ஆர்வமாகப் பார்த்தவள்தான்.

போன மாதம் அவள், "இத என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? அவர்கிட்டயே சொல்லுங்க" என்றாள்.

அவர் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். கடைக்காரரின் கையெழுத்தை மறுநாள் அவராலேயே படிக்க முடியாது. மனைவியுடையது மணி மணியாக இருக்கும்.

இப்போது வந்திருந்த பதிலில் இரும்புத்தாடை மனம் விட்டு எழுதியிருந்தார். தோற்றதற்குக் காரணம் விதி என்றுதான் இத்தனை காலமும் எல்லோரும் அவருக்கு ஆறுதல் சொன்னார்களாம். இடது கை என்று யாருமே சொல்லவில்லையாம். விதியோடு மோத முடியாது என்று நாற்றுப் பண்ணை வைத்துப் பிழைத்து வந்தாராம். இடது கைதான் என்றால் அதைத் தூக்கிவிடலாமே.

அன்று மாலை கடைக்காரர் மனைவியைக் காகிதத்தோடு உட்காரவைத்தார்.

"வேண்டாம்னு எழுது. வயசு அம்பத்தெட்டு ஆச்சு. இனிமே மேடை ஏறணும்னா குறைஞ்சது நாலு மாசம் பயிற்சி எடுக்கணும். உடம்பு தாங்காதுன்னு எழுது."

எழுதினாள். பத்தாம் நாள் பதில் வந்தது. 'நாலு மாதம் என்று குறித்துக்கொண்டேன். நான் பழகிய பயிற்சிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது. அதற்கு நிதி திரட்ட ஒரு காட்சிப் போட்டி வைக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றே சுற்று. கடிகாரத்தைக் கேட்கப் போகிறார்கள்.'

"வேலியில போன ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்" என்றார் கடைக்காரர்.

"உங்க மடியில எங்க விட்டீங்க? அவர் மடியிலல்ல விட்டிருக்கீங்க" என்றாள் மனைவி.

மறு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்த் தடுத்துவிடுவது என்று பஸ் ஏறினார். பண்ணை வாசலில் பூவாளியோடு நின்ற அம்மாள், இரும்புத்தாடையின் மனைவி, அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இடது கைன்னு எழுதினது நீங்கதானா?"

"ஆமாங்க. அத வாபஸ் வாங்கிக்கத்தான் வந்தேன்."

"எடுத்துட்டுப் போங்க. இங்க யாரும் அதக் கேட்டு அழல. விடிஞ்சா ஓடுறாரு. ஓடிட்டு வந்து முட்டி வலிக்குதுன்னு படுக்கிறாரு. இருபத்தேழு வருஷமா தோத்த மனுஷனா நிம்மதியா இருந்தாரு."

அதற்குள் தொட்டிச் செடிகளை விலக்கிக்கொண்டு இரும்புத்தாடையே வந்துவிட்டார். கடைக்காரரைக் கட்டிக்கொண்டார். பண்ணையின் பின்பக்கம் அழைத்துப் போய், உரச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்ததைக் காட்டினார். "இப்பப் பாருங்க" என்று இடது கையால் ஒரு குத்து விட்டார். சாக்கு ஆடியது. கை இடுப்புக்கு இறங்கியது.

"கையத் தூக்குங்க" என்றார் கடைக்காரர், பழக்கத்தில்.

கை மேலே போயிற்று.

கண்ணாடிக்கடைக்காரர் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை பண்டிகை விடுமுறை கத்தியிருப்பார். முதல் தடவையாக, சொன்னதைக் கை கேட்டுவிட்டது. வந்த காரியம் அங்கேயே மறந்துபோயிற்று. மாலையில் வீடு திரும்பும்போது அவர் இரும்புத்தாடையின் பயிற்சியாளர். குத்துவதற்குத் தோதாக மெத்தை பிடித்துக்கொண்டு நின்றதில் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். "என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

"இடது கையத் தூக்கணும்."

"வேற?"

"வேற என்ன இருக்கு? அது ஒண்ணுதான்."

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அவர் பண்ணைக்குப் போனார். திரும்பி வந்ததும் அவள் விவரமாகக் கேட்பாள். குத்துச்சண்டையில் மனைவிக்கு மறுபடியும் நாட்டம் வந்ததில் அவருக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் கடையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது பயம் பிடித்துக்கொள்ளும். அந்த மனிதருக்கு ஒன்று ஆகிவிட்டால் பூவாளி அம்மாளுக்கு யார் பதில் சொல்வது? கவலையில், தூரப்பார்வைக் கண்ணாடியை ஒருவருக்கும் கிட்டப்பார்வைக் கண்ணாடியை இன்னொருவருக்கும் மாற்றிக் கொடுத்தார். இரண்டு பேரும் கடை வாசலில் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டார்கள்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. எதிராளி மறுத்துவிட்டால் போட்டியே இல்லை.

"கடிகாரத்துக்கு ஒரு லெட்டர் எழுது" என்றார் மனைவியிடம். "பெரிய மனசு பண்ணி முடியாதுன்னு சொல்லிடச் சொல்லு. முதுகு வலி, மூச்சு வாங்குது, எதையாவது சொல்லட்டும்."

அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"நான் சொன்னது நாலு வரிதானே? ரெண்டு பக்கம் ஓடுது?"

"பெரியவங்களுக்கு எழுதறது. மரியாதையா எழுத வேண்டாமா?"

ஒரு வாரத்தில் தபாலட்டை வந்தது. அதில் ஒரே சொல்: 'சம்மதம்.'

"எதுக்குச் சம்மதம்?" என்றார் கடைக்காரர்.

"முடியாதுன்னு சொல்றதுக்குச் சம்மதமா இருக்கும்" என்றாள் மனைவி.

அடுத்த வாரம் கடைக்கு எதிர்ச்சுவரில் சுவரொட்டி ஒட்டினார்கள். இரண்டு பேர் முகமும் இருந்தன, இருபத்தேழு வருடத்துக்கு முந்தைய முகங்கள்.

போட்டியன்று பிற்பகல் பயிற்சிக்கூடம் நிரம்பி வழிந்தது. கடைக்காரர் துண்டும் தண்ணீர்ப் பாட்டிலுமாக மேடை மூலையில் நின்றார். இரண்டு வீரர்களுக்கும் தலைக்கு மெத்தைக் கவசம், தலையணை மாதிரி கையுறை. மனைவி மூன்றாவது வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் சுற்றில் இரும்புத்தாடையின் இடது கை இறங்கவே இல்லை. இரண்டாம் சுற்றிலும் இறங்கவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்போல அதைத் தூக்கியபடியே மேடையைச் சுற்றி வந்தார். கடிகாரத்தின் வலது கை இரண்டு தடவை வந்து, கதவு சாத்தியிருந்ததால் திரும்பிப் போயிற்று. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கடைக்காரருக்குக் கண் கலங்கியது. துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் சுற்று தொடங்கி ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கடிகாரம் மேலே பார்க்கவே இல்லை. குனிந்தார். வயிற்றில் ஒரே குத்து. இரும்புத்தாடை, செருப்பைக் கழற்ற உட்காருபவர்போல நிதானமாக உட்கார்ந்தார். நடுவர் பத்து எண்ணி முடித்தபோதும் எழவில்லை. இடது கை மட்டும் முகத்துக்கு முன்னால் அப்படியே இருந்தது.

மருத்துவர் வந்து பார்த்து, மூச்சுதான் பிடித்திருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்றார்.

"கை இறங்கலையே?" என்று கேட்டார் இரும்புத்தாடை, மூச்சு திரும்பியதும்.

"இறங்கவே இல்லைங்க."

"அப்ப சரி."

பூவாளி அம்மாள் மேடை ஏறி வந்து கையுறையின் கயிற்றை அவிழ்த்தாள். "இப்ப விதிதான்னு ஒத்துக்கிட்டீங்கல்ல? வாங்க போகலாம், செடிக்குத் தண்ணி விடணும்" என்றாள். அவர் சமர்த்தாகப் பின்னால் போனார்.

கண்ணாடிக்கடைக்காரர் தளர்ந்துபோய் மூன்றாவது வரிசைக்கு வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முழங்கைய ஒரு சாண் உள்ள இழுத்து வயித்த மூடியிருந்தா போதும்" என்றார். "ஒரே ஒரு சாண்."

அப்போது கடிகாரம் மேடையை விட்டு இறங்கினார். புகைப்படக்காரர்களை விலக்கிவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட நேராக மூன்றாவது வரிசைக்கு வந்தார். எழுந்து நின்ற கடைக்காரரைத் தாண்டி, அவர் மனைவிக்கு முன்னால் பணிவாகக் குனிந்தார்.

"அம்மா, வாராவாரம் நீங்க எழுதின பதினோரு லெட்டர்ல, 'இடது கையத் தவிர எங்க வீட்டுக்காரர் வேற எதுவும் சொல்லிக் கொடுக்கல, வயித்துல அடிங்க'ன்னு எழுதினீங்க பாருங்க, அதுதான் லெட்டரு."