கட்டைவிரலும் கண்காணிப்பு விமானமும்

என் கைப்பேசியில் ஒரு படத்துக்கு இப்படிக் குறிப்பு எழுதியிருக்கிறேன்: "ஆரணி. வெள்ளி, காலை. வடக்கிலிருந்து தெற்கே. கடற்படையின் கண்காணிப்பு விமானமாக இருக்கலாம்." படத்தில் இருப்பதோ ஒரு தென்னங்கீற்றும் என் கட்டைவிரலும்தான்.

என் மைத்துனர் வேலு, தன் மகள் செல்வியின் கூறைப்புடவையைத் தானே நெய்வதென்று பிடிவாதமாக இருந்தார். அன்று அதற்கான பாவு என்னும் நீளவாட்டுப் பட்டிழைகளைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு முனையில் பாவின் கோலைக் கட்டியிருந்த முளை பிடுங்கிக்கொண்டது.

"மாமா, இந்தக் கோல கெட்டியா புடிச்சிகினு இருங்க. ஜல்தியா வேற முளை அடிச்சிடறேன்."

"நீ போ வேலு, நான் பாத்துக்கறேன்." (பார்த்தேன். வானத்தைப் பார்த்தேன்.)

மேலே இரைச்சல். "இன்னா சார் அது?" என்றார் எதிர்வீட்டுக்காரர். வேவு விமானங்களைப் பற்றி வருடக்கணக்கில் படித்தவனிடம் அப்படிக் கேட்கலாமா?

"அரக்கோணம் கடற்படைத் தளத்து விமானமா இருக்கும். கடலுக்கடியில கப்பல் ஒளிஞ்சிருந்தாலும் கண்டுபுடிச்சிடும். நம்ம தெருவெல்லாம் அதுக்கு உள்ளங்கை மாதிரி!"

சொல்லிக்கொண்டே இரண்டு கைகளாலும் கைப்பேசியை உயர்த்தினேன். எனக்கு இருப்பதும் இரண்டு கைகள்தான்.

"மாமோவ்! பாவு!"

ஈரப் பட்டிழைகள் சேற்றில் கிடந்தன. வேலு குனிந்து ஓர் இழையைத் தூக்கிப் பார்த்தார்.

"மேல போறவனுக்கு எல்லாம் தெரியும்னீங்களே மாமா. கையில இன்னா கீதுன்னு உங்களுக்குத் தெரியலியா?"

அந்த விமானங்களில் இருப்பவர்கள் வெறும் அலைகளைச் சலிக்காமல் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். படித்திருக்கிறேன். படித்தவனால் ஒரு கோலை ஒரு முளை அடிக்கும் நேரம் பிடிக்க முடியவில்லை.

தெருவே கூடிச் சாயங்காலம்வரை சிக்கெடுத்தது. சேறுபட்ட முனையை மட்டும் அறுத்தெறிந்தார்கள். புடவைக்கு நீளம் போதுமானதாக இருந்தது, ரவிக்கைக்குப் போதவில்லை. கல்யாணப் படங்களில் செல்வி அரக்குப் புடவையும் கடையில் வாங்கிய பச்சை ரவிக்கையுமாகச் சிரிக்கிறாள். கேட்டவர்களிடமெல்லாம், "இது ஏரோப்ளேன் ரவிக்கைங்க, மாமா உபயம்" என்றாள். இன்றும் வானில் சத்தம் கேட்டால் உள்ளேயிருந்து வேலுவின் குரல் வரும்: "மாமா, கையில எதுனா இருந்தா கீழ வெச்சிட்டுப் பாருங்க!"

அது கண்காணிப்பு விமானம்தானா, தெற்கே போன ஏதோ பயணிகள் விமானமா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. முதலாவதாக இருந்தால், நான் கோலை விட்ட காட்சி தெளிவான படமாக எங்கோ பத்திரமாக இருக்கக்கூடும். அதுவும் சரிபார்க்கப்படாத தகவலே.